ஒரு ஜன்னலுக்கு ஒரு காகிதம்

எங்கள் வாரியத்தில் கடந்த பதினான்கு மாதங்களாக ஒரு தவறுகூட நடக்கவில்லை. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதே பதினான்கு மாதங்களாக ஒரு சக்கர நாற்காலிகூட வெளியே போகவில்லை என்பதையும் பக்கத்திலேயே போட்டிருக்கலாம். இடம் போதவில்லை போலிருக்கிறது. இயக்குநரின் புகைப்படம் கொஞ்சம் பெரியது.

இந்த அதிசயத்துக்கு மூல காரணம் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்து பார்த்தாயிற்று, தூக்கம் வரவில்லை, ஆகவே சொல்கிறேன்.

நடக்க முடியாதவர்களுக்கு அளவெடுத்துச் சக்கர நாற்காலி செய்து கொடுப்பது வாரியத்தின் வேலை. கடையில் விற்கிற நாற்காலி எல்லோருக்கும் ஒத்து வராது. முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்கு அளவு ஒரு விரற்கடை பிசகினாலும் புண் வந்துவிடும். அதனால் உயரம், எடை, எந்தக் கைக்கு வலு அதிகம், வீட்டு வாசலின் அகலம் என்று நான்கு விவரங்களை வாங்கி, நாற்காலியின் அளவுகளைக் கணக்கிட்டுப் பட்டறைக்கு அனுப்பும் ஒரு மென்பொருள் உண்டு. அதை எழுதியவன் நான். வாரியத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் எழுதியது சரியா தப்பா என்று சொல்லக்கூடியவனும் நான் ஒருவன்தான். இது எவ்வளவு பெரிய வசதி என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு அங்கே ஒரே ஒரு ஜன்னல்தான் இருந்தது. அதில் பென்சில் அம்மா உட்கார்ந்திருப்பார். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருப்பார் என்பதால் அந்தப் பெயர். விண்ணப்பத்தை வாங்குவார், எண்களைக் கணினியில் தட்டுவார், பிறகு பென்சிலை உருவி, தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் சின்னதாக ஒரு டிக் போடுவார். எல்லாம் பதினைந்து நிமிஷம். மூன்று வாரத்தில் நாற்காலி வீட்டுக்கு வந்துவிடும். இப்போது நினைத்தால் காட்டுமிராண்டிக் காலம் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாதபோதுதான் எனக்கு அழகுணர்ச்சி வரும். நாற்காலி கணக்கிடும் ஃபங்ஷனைத் திறந்து பார்த்தேன். ஃபங்ஷன் என்றால், நாம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, கணக்குப் போட்டு ஒன்றைத் திருப்பித் தரும் சின்ன இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் எடையையும் பிறகு உயரத்தையும் கேட்டுக்கொண்டிருந்தது. அகராதிப்படி உயரம்தானே முதலில் வர வேண்டும்? மாற்றினேன். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அப்படி மாற்றினால், அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிற எல்லா இடங்களிலும் வரிசையை மாற்ற வேண்டும். மொத்தம் ஆறு இடங்கள். ஐந்தில் மாற்றினேன். ஆறாவது, பென்சில் அம்மாவின் ஜன்னல்.

திங்கட்கிழமை ஓர் ஓவிய ஆசிரியை விண்ணப்பித்தார். உயரம் நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர், எடை ஐம்பத்தெட்டு கிலோ. இரண்டுமே கணினிக்கு வெறும் எண்கள். தன் பெயர் உயரமா எடையா என்று எண்ணுக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரமும் நூற்று அறுபத்திரண்டு கிலோ எடையும் கொண்ட ஒரு பிறவிக்கு நாற்காலி செய்யும்படி பட்டறைக்கு உத்தரவு போனது. பட்டறைக்காரர்கள் இருபது வருட அனுபவசாலிகள். இப்படி ஒரு மனிதப் பிறவி இருக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்பதும் தெரியும். செய்து அனுப்பிவிட்டார்கள். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், ஒருவராலும் எழுந்திருக்க முடியாது. அதில் ஏறப்போன ஆசிரியை சரிந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவர் படம் வரைவது அந்தக் கையால்தான்.

நாற்காலியின் புகைப்படம் பத்திரிகையில் வந்தது. விசாரணைக் குழு போட்டார்கள். குழு முதலில் என்னைத்தான் கூப்பிட்டது.

"ஏங்க, கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"பண்ணாது சார்," என்றேன். அது நூற்றுக்கு நூறு உண்மை. கணினி தப்பு செய்யாது. இந்த உண்மையைக் கட்டிக்கொண்டு நான் பல மாதம் காலம் தள்ளினேன்.

அடுத்து பென்சில் அம்மா. "நான் சரியாத்தாங்க அடிச்சேன். உயரத்துக்கு நேரா உயரம், எடைக்கு நேரா எடை. டிக் கூட போட்டிருக்கேன் பாருங்க," என்று தாளைக் காட்டினார்.

இயக்குநர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பென்சில்ல போட்டதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. பென்சில் அழியும். அழியறதுன்னா அழிச்சிருக்கலாம். அழிச்சிருக்கலாம்னா இது முன்னாடி வேற மாதிரி இருந்திருக்கலாம்," என்றார். குழு முழுவதும் தலையாட்டியது.

தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்த அம்மா மாட்டேன் என்றுவிட்டார். அன்று மதியமே ஹாலில் மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, கவனக்குறைவுக்காகக் கிடங்குக்கு மாற்றப்படுகிறார் என்று அறிவித்தார்கள். நான் அப்போது மாடியில், என் அறையில், ஆறாவது இடத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு பளிச்சென்று தெரிந்தது. ஒரே வரி. திருத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு அறிவிப்பு முடியும்வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இடமாற்ற ஆணை சுற்றுக்கு வந்தபோதுகூட அதைப் படிக்காமல் கையெழுத்திட்டு அடுத்தவரிடம் தள்ளினேன்.

குற்றவாளிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, சும்மா இருக்க மாட்டான். இனி இப்படி நடக்கவே முடியாத மாதிரி செய்கிறேன் என்று நானாகப் போய் இயக்குநரிடம் நின்றேன். இரண்டு யோசனைகள் சொன்னேன். ஒன்று, உயரம் ஒரு டைப், எடை வேறொரு டைப் என்று பிரித்து வைப்பது. பிறகு உயரம் கேட்கிற இடத்தில் எடையைக் கொடுத்தால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே அதைப் படித்துச் சரிபார்க்கும் கம்பைலர் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்லிவிடும். இது ஒன்றே போதும். உண்மையில் இது ஒன்றே போதும். ஆனால் வாய் நிற்கவில்லை.

"அப்புறம் கரியிங்னு ஒண்ணு இருக்கு சார்," என்றேன். யாரோ ஒரு கணித அறிஞரின் பெயரை ஒட்டி வந்த சொல் அது, சமையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "இப்போ ஃபங்ஷன் நாலு விவரத்தையும் ஒரே தடவையில கேக்குது. அப்படிக் கேக்காம, ஒண்ணே ஒண்ணை மட்டும் வாங்கிக்கும். வாங்கிக்கிட்டு நாற்காலியைத் தராது, அடுத்த விவரத்துக்காகக் காத்திருக்கிற இன்னொரு ஃபங்ஷனைத் தரும். அது ஒண்ணை வாங்கிக்கிட்டு இன்னொண்ணைத் தரும். கடைசி விவரத்தைக் கொடுக்கும்போதுதான் நாற்காலி."

இயக்குநர் மேசையில் ஒரு தட்டு தட்டினார். "ஒண்ணு வாங்குறது, ஒண்ணும் தராதது. அதானே?"

"அப்படி இல்ல சார், அடுத்த ஃபங்ஷனைத் தரும்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்," என்றார். அவர் கண்களில் நான் அதுவரை பார்த்திராத ஒளி தெரிந்தது.

கணினிக்குள் இதெல்லாம் கண் இமைக்கிற நேரம்கூடப் பிடிக்காது. இயக்குநர் அதைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு ஜன்னல் ஐந்து ஜன்னலாயிற்று. முதல் ஜன்னல் உயரச் சான்றை மட்டும் வாங்கும், பதிலுக்கு இரண்டாம் ஜன்னலுக்கு ஒரு சீட்டு தரும். இரண்டாவது எடையை வாங்கி மூன்றாவதுக்குச் சீட்டு தரும். சீட்டு ஏழு வேலை நாள் கழித்துத்தான் செல்லும்; வாங்கியதைச் சிஸ்டம் ஜீரணிக்க வேண்டும் என்றார் இயக்குநர். டைப் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு ஜன்னலின் கண்ணாடியிலும் வெவ்வேறு வடிவத்தில் துளை வெட்டினார்கள். உயரச் சான்று நீளமான தாள், எடைச் சான்று சதுரத் தாள், கைவலுச் சான்று முக்கோணம். முக்கோணத் தாளைக் கத்தரிக்கத் தனியாக ஒருவரை நியமித்தார்கள்.

ஐந்தாவது ஜன்னல் இயக்குநரின் சொந்தக் கண்டுபிடிப்பு. நாற்காலி வெளியே போகுமுன், அது தப்பாக இருந்தால் நான் பொறுப்பு என்று ஓர் ஊழியர் கையெழுத்திட வேண்டும். அவருக்குப் பொறுப்பேற்பவர் என்று பெயர்.

"யார் வேணாலும் போட்டுட முடியாது," என்றார் இயக்குநர். "பொறுப்பேற்கறதுல முன் அனுபவம் வேணும். இதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது, தப்பு என்னுதுன்னு எழுத்துல ஒப்புக்கிட்டவரா இருக்கணும். அதையும் டைப்புல போட்டுடுங்க."

போட்டேன். அப்படி எழுதிக் கொடுத்த ஒருவர் வாரியத்தில் இருந்தால் ஒழிய அந்த டைப்பில் ஆளே உருவாக முடியாது என்று எழுதினேன். நாற்பது வருட வரலாற்றில் எங்கள் வாரியத்தில் யாரும் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. எழுதும்போதே எனக்கு அது தெரியும். என் விரல்கள் ஒரு நிமிஷம் நின்றன, பிறகு தொடர்ந்தன. நிறுத்திக் கேட்டிருந்தால், ஏன் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

ஆறு மாதம் நிம்மதியாகத்தான் போயிற்று. பிறகு என் அக்கா வீட்டுக்காரர் பேருந்துப் படியிலிருந்து விழுந்தார்.

மாமா பூட்டுக்காரர். வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி, சாவி செய்யும் கடை. எந்தப் பூட்டையும் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. "உட்கார மட்டும் வச்சிடுங்க டாக்டர், மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்றார். டாக்டர் எங்கள் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அக்காவுக்குச் சந்தோஷம். "தம்பி அங்கதானே வேலை செய்யறான்," என்று மருத்துவமனையில் எல்லோரிடமும் சொன்னாள்.

நான்கு சான்றுகளையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் காவலாளி உறையைப் பிரித்தார்.

"நாலு காகிதம் இருக்கே?"

"நாலும்தானே கேட்டிருக்கீங்க?"

"கேட்டது நாலும்மா, கொண்டு வரவேண்டியது ஒண்ணு. கையில ரெண்டு காகிதம் இருந்தா வரிசை மாறிடும். ஒண்ணுதான் இருந்துச்சுன்னா எப்படி மாறும், சொல்லுங்க?"

 அவர் கேட்டதில் தர்க்கப் பிழை இல்லை. மூன்று காகிதங்களை வாசலில் இருந்த பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கையில் மிஞ்சிய அந்த ஒன்றும் செல்லாது என்றார்கள். உயரச் சான்றை மருத்துவமனை கொடுத்தால் போதாது, வாரியத்தின் அளவை அறையில்தான் அளக்க வேண்டும்.

மாமாவை ஒரு சாதாரண மர நாற்காலியில் கட்டி, நானும் அக்காவும் தூக்கிக்கொண்டு போனோம். அளப்பவர் சுவரில் ஒட்டிய அளவுகோலைக் காட்டி, "நில்லுங்க," என்றார்.

"நிக்க முடிஞ்சா நான் ஏங்க இங்க வர்றேன்?" என்றார் மாமா.

"மேசையில படுக்க வச்சு அளந்துக்கங்களேன்," என்றாள் அக்கா.

அளப்பவர் வருத்தத்தோடு தலையசைத்தார். நல்ல மனிதர்தான். "படுத்தா வர்றது நீளம்மா. நமக்கு வேண்டியது உயரம். நீளம் வேற டைப்பு, உயரம் வேற டைப்பு. நீளத்தைப் போட்டா சிஸ்டம் வாங்காது. எவரோ ரொம்பப் படிச்சவரு எழுதி வச்சிருக்காரு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நாற்காலி இருக்கையின் நீளமும் ஆளின் உயரமும் குழம்பிவிடக் கூடாதென்று நான்தான் அந்த இரண்டு டைப்பையும் பிரித்தேன். அன்று அதற்காக எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

கடைசியில் நான் மாமாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் துணி மாதிரி தொங்கின. அவர் உடம்பின் மொத்த பாரமும் என் மார்பில் சாய்ந்தது. அளப்பவர் அளவுகோலைத் தலையில் வைத்தார், சரியாக விழவில்லை, மறுபடியும் வைத்தார். மாமாவுக்கு வலியில் வியர்த்துக் கொட்டியது.

"கல்யாணத்துல கூட என்னை இப்படிக் கட்டிப் பிடிச்சதில்லையே மாப்ளே நீ," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கனம் தாங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதல் ஜன்னல் நீளத் தாளை விழுங்கியது. மாமா கண்ணாடியில் வெட்டியிருந்த துளையை விரலால் தடவிப் பார்த்தார். விளிம்பு, ஓரம், வளைவு எல்லாவற்றையும் தொழில்காரரின் மரியாதையோடு சோதித்தார்.

"பூட்டு முதல் தரம்டா," என்றார். "கதவு எங்க இருக்கு?"

மூன்றாம் ஜன்னல் மாடியில். லிப்ட் சரக்கு ஏற்ற மட்டும். ஆள் ஏறக் கூடாது. மாமாவைச் சரக்கு என்று எழுதி ஏற்றலாமா என்று காவலாளியைக் கேட்டேன். ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்ற அனுமதி இல்லை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது என்றார். அந்தச் சுற்றறிக்கையின் வாசகமும் என்னுடையதே. முப்பத்திரண்டு படிகள், தூக்கிக்கொண்டு ஏறினோம். நான்காம் ஜன்னலில் வாசல் அகலத்தைக் கொடுத்தபோது, கதவுக்கு அகலமா நிலைக்கு அகலமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை போனபோது வாங்கிக்கொண்டார்கள். இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஐந்தாம் ஜன்னலுக்கான சீட்டோடு அக்கா வந்த அன்று ஆண்டு விழா. ஹாலில் நாற்காலிகள் போட்டு விண்ணப்பதாரர்களை எல்லாம் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! முன்னெல்லாம் நாம வருஷத்துக்கு அறுநூறு நாற்காலி கொடுத்தோம். அதுல ஒண்ணு தப்பாப் போச்சு. ஒண்ணுதானேன்னு நினைக்காதீங்க. மீதி ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பது பேரும் எவ்வளவு பெரிய ஆபத்துல இருந்திருக்காங்க, யோசிச்சுப் பாருங்க! இன்னிக்கு அந்த ஆபத்து ஒருத்தருக்கும் இல்ல." கைதட்டல். "சில பேர் கேக்கறாங்க, நாற்காலி எங்கேன்னு. நான் திருப்பிக் கேக்கறேன், தப்பு எங்கே? காட்டுங்க பார்ப்போம்! நாற்காலி இன்னிக்கு வரும், நாளைக்கு ஒடையும். தப்பு நடக்காத ஒரு அமைப்பு இருக்கே, அது உங்க பிள்ளைங்களுக்கும் மிஞ்சும்." பலத்த கைதட்டல். இந்த அமைப்பை உருவாக்கிய இளைஞர் என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். முன்வரிசையில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு நான் அங்கே வேலை செய்கிறவன், அவ்வளவுதான்.

விழா முடிந்து அவள் ஐந்தாம் ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மைக் இருந்தது. ஆள் இல்லை.

"இவர் எப்ப வருவாரு?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"அந்த டைப்புல ஆளே இல்லம்மா. வந்தா கூப்பிடுவோம். உங்களுக்கு முன்னாடி முந்நூத்தியேழு பேர் இருக்காங்க."

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா குப்புறப் படுத்திருந்தார். முதுகின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. படுத்தே கிடந்தால் ஒரு மாதத்துக்குள் ஆழமான புண்ணாகிவிடும், பிறகு நாற்காலி வந்தாலும் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா மருந்து தடவிக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் பேசினாள்.

"நீதானேடா அதெல்லாம் எழுதுன?"

"ஆமாக்கா."

"அப்ப திருத்திடேன்."

"திருத்துனா ஏன் திருத்துனேன்னு கேப்பாங்க."

"சொல்லேன்."

 அதற்குள் மாமாவின் போன் அடித்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர். வீட்டுக்காரர் குளியலறைக்குள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டாராம், வெளியே இருந்து எப்படித் திறப்பது என்று கேட்டார்கள். மாமா தலையணையில் கன்னத்தை வைத்தபடியே பதில் சொன்னார்.

"உள் தாழ்ப்பாளா? அதுக்கு வெளியில சாவித் துவாரமே கிடையாதுங்க. நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள இருக்கிறவரை பயப்படாம, மெதுவா மேல தூக்கி இழுக்கச் சொல்லுங்க. அவர்தான் திறக்கணும்."

அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, "கூறு கெட்டவனுங்க," என்று சிரித்தார். என்னால்தான் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலை ஒரு கடிதம் எழுதினேன். இரண்டே வாக்கியம். 'ஓவிய ஆசிரியைக்குத் தவறான நாற்காலி போனதற்குக் காரணம், உயரத்தையும் எடையையும் நான் வரிசை மாற்றி எழுதியது. ஜன்னலில் இருந்த ஊழியர் எண்களைச் சரியாகவே பதிவு செய்தார்; அவர்மீது எந்தத் தவறும் இல்லை.' வேலை போகும் என்று நினைத்தேன். மேசை டிராயரைக்கூடக் காலி செய்து ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன்.

இயக்குநர் படித்தார். எழுந்தார். மேசையைச் சுற்றிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கெடைச்சுட்டாருய்யா!" என்று கத்தினார். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். "பதினாலு மாசமா தேடுன ஆளு! எழுத்துல ஒப்புக்கிட்டாரு! அந்த டைப்புக்கு ஆள் வந்தாச்சு!"

"சார், அந்த ரெண்டாவது வாக்கியம்... அந்த அம்மாவைத் திருப்பி ஜன்னலுக்கு..."

"ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம்தாங்க. உங்களுக்கே தெரியாததா? முதல் வரியை எடுத்துக்கிட்டோம். ரெண்டாவதை வாங்கறதுக்கு இங்க ஜன்னல் இல்ல." சொல்லிவிட்டு, முதல் வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துக் கடிதத்தை ஒழுங்காகக் கிழித்துக் கோப்பில் சேர்த்தார். அடிப் பாதியை என்னிடமே நீட்டினார்.

என்னை ஐந்தாம் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். முந்நூற்று எட்டுக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் நானே பொறுப்பு என்று கையெழுத்திட்டேன். பட்டறையில் மறுபடியும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாமாவின் கோப்பை வரிசையை மீறி முதலில் எடுக்கவில்லை. எடுக்க ஆசைப்பட்டேன், முடியவில்லை, நான் எழுதிய சிஸ்டம் அவ்வளவு நேர்மையானது. அதற்குப் பதிலாக மூன்று நாள் சாப்பாட்டு வேளையில்கூட எழுந்திருக்காமல் போட்டேன். நான்காம் வாரம் அவர் நாற்காலி தயாராயிற்று.

தயாரான நாற்காலியைக் கிடங்கிலிருந்து அனுப்பும் சீட்டிலும் நான்தான் கையெழுத்திட வேண்டும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பென்சில் அம்மா வந்தார். ஒன்றரை வருடமாக நான் கிடங்குப் பக்கமே போகவில்லை. ஓவிய ஆசிரியையின் அந்த அகலமான நாற்காலி அங்கேதான் கிடக்கிறது என்றும், வேறு நாற்காலி கொடுக்காததால் இந்த அம்மா அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுத்தான் உட்காருகிறார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

அவர் சீட்டைத் துளை வழியாக நீட்டவில்லை. கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார்.

"நீங்க போட்ட நம்பர்தானே தம்பி? இருங்க, ஒரு தடவ பார்த்துடறேன்." உயரத்தைப் பார்த்தார், டிக். எடையைப் பார்த்தார், டிக். கை, வாசல், டிக், டிக். பிறகுதான் உள்ளே தள்ளினார்.

நான் கிழிந்த பாதிக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதே துளை வழியாக வெளியே நீட்டினேன். நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்மா."

"மைக்ல சொன்னாங்களே, அதுக்கு அப்புறமா?"

"சொல்லிட்டு இருக்கும்போதே."

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்துப் பென்சிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என் மேசையில் இருந்த மைக்கைக் காட்டினார்.

"அது வேலை செய்யுமா?"

பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். பொத்தானை அழுத்தினேன். ஹால் முழுவதும் கரகரத்தது. வரிசையில் இருந்தவர்கள் தங்கள் எண்ணுக்காக நிமிர்ந்து பார்த்தார்கள். மாமாவின் நாற்காலியை வாங்கிப்போக வந்திருந்த அக்காவும் நிமிர்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"நான் இந்த வாரியத்தோட புரோகிராமர். நான் ரொம்ப நாளா மனசுக்குள்ள வச்சுக் கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்த ஒரு விஷயத்தை..."

கண்ணாடியில் பென்சிலால் இரண்டு தட்டு கேட்டது.

"நிறுத்துங்க தம்பி," என்றார் அந்த அம்மா. "மறுபடியும் வரிசையை மாத்திட்டீங்க. அன்னிக்கு என் பேரைத்தான் முதல்ல சொன்னாங்க. என் பேரை முதல்ல சொல்லுங்க, அப்புறம் உங்க கஷ்டம்."

வாயைத் திறந்தேன். மைக் திறந்தே இருந்தது. ஹால் காத்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருடம் அவரோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்திருக்கிறேன். பென்சில் அம்மா என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். கண்ணாடியில் இருந்த துளைக்குப் பக்கத்தில் குனிந்து, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

 அவர் சொன்னார், ஒவ்வோர் எழுத்தாக, நான் எழுதிக்கொள்ளும் வேகத்தில். எழுதி, துளை வழியாக அவரிடம் காட்டினேன். பார்த்து, பக்கத்தில் ஒரு டிக் போட்டார். நான் மறுபடியும் பொத்தானை அழுத்தினேன்.